கைக்குழந்தையின் மனமும் ஒரகடத்து ஷிப்டும்

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் சந்திக்கும் கூட்டுரோடு ஒரகடம். ஏரியும் நெல்வயலுமாக இருந்த இந்தச் சுற்றுவட்டாரத்தில் 2010இல் ரெனோ–நிசான் ஆலை திறக்கப்பட்டது. டெய்ம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், அப்போலோ டயர் என்று மற்ற ஆலைகளும் வந்து சேர்ந்தன. வடக்கே ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் போனால் கைபேசியும் மின்னணுப் பொருள்களும் செய்யும் ஆலைகள். அங்கே லைனில் நிற்பவர்களில் ஏராளமானோர் இருபதை ஒட்டிய வயதுப் பெண்கள். இந்தியாவில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது. செலவு 700 கோடி ரூபாய்க்கு மேல். நெரிசலான வாடகை விடுதிகளில் இந்தப் பெண்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். ஆனாலும் இந்த வட்டாரம் தொழிலாளியைத் தனியாளாகக் கணக்கிட்டே வளர்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். அதே ஆண்டு ஜூனில், இங்குள்ள கைபேசி ஆலை ஒன்றில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது.

பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள், வாடகையும் கடனும் நெருக்க மறுபடி கம்பெனிக்குப் போகிறார்கள். அப்போது அந்தக் கைக்குழந்தை யாரிடம் இருக்கிறது? சில வீடுகளில் மனைவி ஃபர்ஸ்ட் ஷிப்ட், கணவன் செகண்ட் ஷிப்ட் என்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள். சிலர் அம்மாவையோ மாமியாரையோ ஊரிலிருந்து அழைத்துவந்து ஒற்றை அறை லைன் வீட்டில் வைத்துக்கொள்கிறார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஊர்களில் பாட்டியிடம் பிள்ளையை விட்டுவிட்டு, லீவு கிடைத்தால் பஸ் ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் எந்தப் பாட்டியும் இல்லை. அரசின் அங்கன்வாடி இரண்டு வயது நிறைந்த பிள்ளைகளைத்தான் அமர்த்திக்கொள்கிறது, அதுவும் பிற்பகலோடு முடிந்துவிடும். பிறந்ததிலிருந்து இரண்டு வயது வரையிலான காலம் முழுக்கக் குடும்பத்தின் சாமர்த்தியத்திடம் விடப்பட்டிருக்கிறது. மூளை வளர்ச்சி பற்றித் தெரிந்தவர்கள் யாரும் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத இடைவெளி இது.

பேசக்கூடத் தெரியாத குழந்தைக்கு மனநலம் என்ன இருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். இங்கே பேச்சு நோயைப் பற்றியது அல்ல. பசி, பயம், மகிழ்ச்சி ஆகியவற்றை உணர்ந்து வெளிக்காட்டுவது, ஒன்றிரண்டு மனிதர்களிடம் ஒட்டிக்கொள்வது, அவர்கள் அருகில் இருக்கும் தைரியத்தில் சுற்றியுள்ளதைத் துழாவிப் பார்ப்பது: இந்த மூன்று திறன்களும் சேர்ந்ததுதான் கைக்குழந்தையின் மனநலம். இவற்றில் ஒன்றுகூடக் குழந்தைக்குள் தனியாக விளைவதில்லை. அதனால்தான் இந்தத் துறையில் பணிபுரிகிறவர்கள் குழந்தையை மட்டும் பரிசோதிப்பதில்லை. குழந்தைக்கும் அதைத் தூக்கி வளர்ப்பவருக்கும் இடையே நடப்பதைப் பார்க்கிறார்கள். சிகிச்சை என்று ஒன்று இருந்தால் அது அந்த உறவுக்குத்தான்.

அந்த உறவு எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டியவர் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக். 1970களில் அவர் வடிவமைத்த சோதனை மிக எளிது. சில மாதக் குழந்தையோடு தாய் வழக்கம்போலக் கொஞ்சி விளையாடுகிறார். பிறகு இரண்டு மூன்று நிமிடம் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு குழந்தையைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறார். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது. குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. எதற்கும் பதில் வராதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது, உடல் தளர்ந்து அழுகிறது. தாய் எழுந்து போகவில்லை, திட்டவில்லை, பால் மறுக்கவில்லை. பதில் மட்டும்தான் நின்றது.

1985இல் உளவியலாளர்கள் லின் மரேயும் கொல்வின் ட்ரெவார்த்தனும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 6 முதல் 12 வாரக் குழந்தைகளும் தாய்மார்களும் தனித்தனி அறைகளிலிருந்து தொலைக்காட்சித் திரை வழியாக ஒருவரையொருவர் பார்த்துக் கொஞ்சிக்கொண்டார்கள், எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு தாயின் அதே சிரிப்பை, அதே கொஞ்சலைப் பதிவிலிருந்து ஓட்டினார்கள். குழந்தைகள் குழம்பித் திரையிலிருந்து பார்வையை விலக்கின. முகம் அம்மாவுடையதுதான், ஆனால் தான் செய்வதற்கு அது பதில் சொல்லவில்லை. இந்தச் சோதனையைத் திரும்பச் செய்தபோது சில ஆய்வகங்களில் அதே முடிவு வந்தது, சிலவற்றில் வரவில்லை. என்றாலும் கேள்வி சரியான கேள்வி. குழந்தை முகத்தைத் தேடுகிறதா, பதிலைத் தேடுகிறதா?

பதிலைத் தேடுகிறது என்றால், தாய் நாள் முழுக்கக் கண் இமைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம். இயல்பான, நலமான தாய்–சேய் ஜோடிகளை நொடி நொடியாகப் படம்பிடித்துப் பார்த்த ட்ரோனிக், அவர்கள் ஒத்திசைவில் இருப்பது ஏறத்தாழ 30 சதவீத நேரம்தான் என்று கண்டார். மீதி நேரமெல்லாம் தவறிப்போவதும் திருத்திக்கொள்வதும்தான். குழந்தை கொட்டாவி விடும்போது தாய் கிச்சுகிச்சு மூட்டுகிறாள், குழந்தை சிணுங்குகிறது, அவள் புரிந்துகொண்டு தோளில் சாய்த்துக்கொள்கிறாள். இப்படிப் பிசகிச் சரியாகும் ஒவ்வொரு தடவையும், கஷ்டம் வரும், அது தீரவும் தீரும் என்ற நம்பிக்கை குழந்தையின் உடம்பில் பதிகிறது. கம்பெனி வேலைக்குப் போகும் தாய்களிடம் இந்த 30 சதவீதக் கணக்கை முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் சுமக்கும் குற்ற உணர்வில் பாதிக்கு ஆதாரமே இல்லை.

வேலைக்குப் போவதே குழந்தையைக் கெடுத்துவிடுமா என்ற கேள்விக்கும் தெளிவான பதில் இருக்கிறது. உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வர்த் 1954–55இல் உகாண்டாவில் கம்பாலாவை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களின் குழந்தைகளை வீடு வீடாகப் போய்க் கவனித்தார். தாய்மார்கள் தோட்டவேலைக்குப் போவார்கள், குழந்தை வேறு கைகளிலும் வளரும். பலர் சேர்ந்து வளர்ப்பதால் ஒட்டுறவு குலைந்துவிடவில்லை. தன் குழந்தையைப் பற்றி நுணுக்கமாகச் சொல்லத் தெரிந்த தாய்களின் குழந்தைகள்தான் பெரும்பாலும் பத்திரமான ஒட்டுறவோடு இருந்தார்கள். பிற்காலத்தில் அமெரிக்காவில் 1991இல் பிறந்த 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்த பெரிய ஆய்வும் இதையே வேறு விதத்தில் உறுதி செய்தது. காப்பகத்தில் விடுவது மட்டுமே தாயோடுள்ள உறவைக் கெடுப்பதில்லை. வீட்டிலும் கவனிப்பு குறைந்து, காப்பகமும் மட்டமாகவோ, நேரம் அதிகமாகவோ, ஆள் மாறிக்கொண்டோ இருந்தால்தான் ஆபத்து கூடியது.

ஒரகடத்துக்கு இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ஆள் மாறாமல் இருப்பதும், பார்த்துக்கொள்பவர் தளர்ந்துபோகாமல் இருப்பதும்தான் இங்கே அரிதான பொருள்கள்.

காலக்கணக்கைப் பாருங்கள். மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்திலிருந்து முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும், காண்ட்ராக்ட் என்பதால் மறுக்கக் கூடாது. இதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவர் குழந்தைக்கு நான்கு மாதம் கடந்ததுமே லைனுக்குத் திரும்புகிறார். முழுவதையும் சேமித்தவருக்கும் ஆறு மாதம்தான். குழந்தை யாரைப் பார்த்தாலும் சிரிக்கும் பருவம் முடிவதும், இன்னார் என் ஆள், இன்னார் அந்நியர் என்று பிரித்து, அந்நியரைக் கண்டால் வீறிடுவதும் ஆறு, எட்டு மாதங்களில்தான். ஒட்டுறவு வேர்பிடிக்கும் அந்த வேளையில்தான் தாயின் விடுப்பு தீர்கிறது. விடுப்பின் கடைசி இரண்டு மூன்று வாரம், அடுத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் தாயும் சேர்ந்தே குழந்தையைக் கவனித்தால் கைமாறுவது எளிதாகும். பாட்டியை அழைத்துவருவதாக இருந்தால் வேலைக்குப் போகும் நாளன்று வரவழைப்பதைவிட ஒரு மாதம் முன்பே வரவழைப்பது நல்லது. செலவில்லாத இந்த யோசனையைப் பிரசவ வார்டில் யாராவது சொல்கிறார்களா?

குழந்தையை ஊரில் விட்டவர்களின் துயரம் தனி. மூன்று வாரம் கழித்துப் போனால், "பாப்பா என்கிட்ட வரவே மாட்டேங்குது, ஆயாவையே கட்டிப்பிடிச்சுக்குது" என்று கண்கலங்குவார்கள். மறந்துவிட்டது என்று சுற்றியிருப்பவர்களும் சொல்வார்கள். அது மறதி அல்ல. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் லண்டனில் ஓர் ஆவணப்படம் எடுத்தார். மருத்துவமனையில் எட்டு நாள் தனியே விடப்பட்ட இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றை அதில் காட்டினார். அக்காலத்தில் பெற்றோர் வந்தால் பிள்ளை அழும் என்று அவர்களை அதிகம் உள்ளே விடுவதில்லை. பிரிவில் குழந்தை முதலில் எதிர்ப்புக் காட்டுகிறது, பிறகு நம்பிக்கை இழந்து ஒடுங்குகிறது, கடைசியில் தாய் வந்தாலும் அக்கறையற்றதுபோல் விலகி நிற்கிறது என்று ராபர்ட்சனும் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியும் விளக்கினார்கள். மருத்துவர்கள் சமாதானமாகிவிட்டது என்று எண்ணிய மூன்றாவது கட்டம்தான் மூன்றிலும் கவலைக்குரியது. 1959இல் பிரிட்டிஷ் அரசின் குழு ஒன்று பெற்றோரைத் தாராளமாக அனுமதிக்கப் பரிந்துரைக்க, இந்த வேலையும் காரணமாக இருந்தது.

ஊருக்குப் போன தாய் இதை அறிந்திருந்தால் நடந்துகொள்ளும் விதம் மாறும். பிள்ளையைப் பாட்டியிடமிருந்து பிடுங்கித் தூக்கமாட்டார். பாட்டி மடியில் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். அது ஓரக்கண்ணால் பார்க்கும், பொம்மையை நீட்டும், மறுபடி முகத்தைத் திருப்பும். சில மணிநேரம், சில சமயம் ஒரு நாள் முழுக்க இப்படிப் போகும். திரும்பிக் கிளம்பும்போது, தூங்கும் நேரம் பார்த்து நழுவிப் போகாமல், அழுதாலும் சொல்லிவிட்டுப் போவது நல்லது. நழுவிப் போனால், கண்ணை மூடினால் அம்மா காணாமல் போவாள் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். இடைப்பட்ட நாள்களில் வீடியோ கால் வீணல்ல. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 24 முதல் 30 மாதக் குழந்தைகள் நேரலை வீடியோ உரையாடலில் புதுச் சொற்களைக் கற்றன, பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. எதிர்முனையில் இருப்பவர் உடனுக்குடன் பதில் சொல்வதுதான் வேறுபாடு. பாட்டி போனைப் பிடித்துக்கொண்டு, அம்மா சொல்வதற்கேற்பப் பிள்ளையின் காலைத் தட்டிக்கொடுத்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் செய்யத் தாயிடம் தெம்பு இருக்க வேண்டும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, பிரசவத்துக்குப் பின் தொடர்ந்து கவனித்து, 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புதிதாகப் பிரசவகால மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்கு 11 பேர். யாருக்கு வருகிறது என்று பார்த்தால் நம் வீடுகள் அப்படியே தெரிகின்றன: குறைந்த வருமானம், பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த இடர்கள், வீட்டுவேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. இந்தக் கடைசிக் காரணத்தை நான் அடிக்கோடிட விரும்புகிறேன். தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம், ஐந்து மாதம் இருக்கும் நம் வழக்கம் அந்த உதவியைத்தான் தந்தது. லைன் வீட்டில் அது இல்லை. சோர்ந்துபோன தாயின் முகம் ட்ரோனிக்கின் சோதனையில் வந்த முகத்தைப் போலாகிவிடும், இரண்டு நிமிடத்துக்கு அல்ல, மாதக்கணக்கில். மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாப்பட்டியலில் பத்தே கேள்விகள். தமிழ் வடிவமும் வேலூரில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. தடுப்பூசிக்கு வரும் தாயிடம் கிராம சுகாதாரச் செவிலியர் அதைக் கேட்க ஆகும் நேரம் சொற்பம்.

கண்டறிந்த பின் என்ன செய்வது? செல்மா ஃப்ரைபர்க் 1975இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறைக்கே தொடக்கப் புள்ளியாகக் கருதப்படுகிறது. அவர் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வீடு தேடிப் போய்ச் சிகிச்சை தந்தவர். ஐந்தரை மாதக் குழந்தை வீறிட்டு அழுகிறது, தாய் காதில் விழாதவர்போல உட்கார்ந்திருக்கிறார். குழுவினர் குழந்தையைத் தூக்கச் சொல்லி அவருக்குப் பாடம் எடுக்கவில்லை. கைவிடப்பட்ட சிறுமியாக அவர் வளர்ந்த கதையைப் பொறுமையாகக் கேட்டார்கள். அவர் அழ இடம் கொடுத்தார்கள். தன் அழுகையை ஒருவர் கேட்ட பிறகு அந்தத் தாய் தன் குழந்தையின் அழுகையைக் கேட்கத் தொடங்கினார், தூக்கி அணைத்தார். அறிவுரை சாதிக்க முடியாததை, தாயைத் தாங்கிய உறவு சாதித்தது.

இதற்கு மனநல மருத்துவர்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் அதிஃப் ரஹ்மான் குழுவினர் சாதாரண சுகாதாரப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள சுமார் 900 தாய்மாரின் வீடுகளுக்கு அனுப்பி ஒப்பிட்டார்கள். 2008இல் வெளியான முடிவு: ஆறாவது மாதத்தில், பயிற்சி பெற்ற ஊழியர் போன வீடுகளில் மனச்சோர்வு 23 சதவீதம், வழக்கமான வருகை மட்டும் இருந்த வீடுகளில் 53 சதவீதம். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு ஊழியர்கள் வாரம் ஒருமுறை, இரண்டு ஆண்டு போனார்கள். வீட்டில் செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் விளையாட வழிகாட்டினார்கள், அவ்வளவுதான். இருபது ஆண்டு கழித்து அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்தார்கள்.

தாயைத் தாங்குவதுபோல் காப்பகத்து ஆயாவையும் தாங்க வேண்டும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே ஏற்றிருக்கிறது. சட்டத்துக்காகத் திறந்த காப்பகத்தில் சுவரில் கார்ட்டூன் படமும் தரையில் ரப்பர் விரிப்பும் இருந்துவிட்டால் கணக்கு முடிந்ததாக நினைப்பது தவறு. ருமேனியாவின் அனாதை இல்லங்களில் ஊழியர்கள் ஷிப்ட் முறையில் மாறிக்கொண்டே இருந்தார்கள். உணவும் கூரையும் இருந்தன, ஆனால் எந்தக் குழந்தைக்கும் தனக்கென்று ஒருவர் இல்லை. 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்த புகாரெஸ்ட் ஆய்வில், இரண்டு வயதுக்குள் குடும்பம் கிடைத்தவர்களே உறவிலும் மூளை வளர்ச்சியிலும் அதிகம் மீண்டார்கள். ஒரகடத்துக் காப்பகங்கள் அனாதை இல்லங்கள் அல்ல, பிள்ளைகள் மாலையில் வீடு திரும்புகிறார்கள். ஆனாலும் குறைந்த கூலிக்கு எடுத்த ஆயா ஆறு மாதத்தில் போய்விட்டால், அவரோடு ஒட்டிய ஐந்தாறு குழந்தைகள் ஒரே நாளில் ஆளை இழக்கின்றன. குறிப்பிட்ட மூன்று நான்கு குழந்தைகளுக்குக் குறிப்பிட்ட ஆயா, அவர் நீடிக்கும்படியான சம்பளம், வாரம் ஒருமுறையாவது அவருடைய களைப்பையும் எரிச்சலையும் உட்கார்ந்து கேட்க அனுபவமுள்ள ஒருவர்: காப்பகத்தின் தரத்தை நான் இவற்றைக் கொண்டுதான் அளப்பேன். இவற்றுக்குப் பெரிய கட்டடம்கூடத் தேவையில்லை: டெல்லியில் 1969இல் கட்டடத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் தொடங்கிய மொபைல் க்ரெஷஸ் அமைப்பு கூடாரத்தில்தான் ஆரம்பித்தது.

அப்பாவை மறந்துவிடக் கூடாது. ஷிப்ட் மாற்றி வேலை செய்யும் வீடுகளில் அவர் நாளின் பாதி நேரம் தனியாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அதிக நேரம் குழந்தையைக் கவனிக்கும் தகப்பனின் மூளையும் தாயின் மூளையை ஒத்த விதத்தில் மாறுகிறது என்று இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் குழுவினர் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஆண்களுக்குக் குளிப்பாட்டவும் தூளி ஆட்டவும் கற்றுத்தர யாரும் மெனக்கெடுவதில்லை, அவர்களாகவே கற்றுக்கொள்கிறார்கள்.

ஆலைகள் நாளையே செய்யக்கூடிய ஒன்று உண்டு. பல இடங்களில் ஷிப்ட் வாராவாரம் சுழல்கிறது. பெரியவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. குழந்தைக்கோ விடிந்தால் யார் இருப்பார், இருட்டினால் யார் வருவார் என்ற ஒழுங்கே கலைந்துபோகிறது. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய்க்கும் தகப்பனுக்கும் அவர்கள் கேட்கும் ஒரே ஷிப்டை நிலையாகக் கொடுக்கலாம். இருவரும் வேறு வேறு கம்பெனியில் இருந்தால் மற்றவரின் ஷிப்டைப் பார்த்து ஒதுக்கலாம். குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தாய்க்குச் சட்டம் தரும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை ஷிப்ட் பட்டியலிலேயே எழுதிவைக்கலாம். பட்டியல் போடுகிற சூப்பர்வைசருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் இதைச் செய்ய ஒரு மதியப் பொழுது போதும்.